ஆறிய சாயா

போன ஞாயிற்றுக்கிழமை போனக்காட்டு மலை ஏற்றத்தில் சைக்கிள் போட்டி. கடைசி வளைவில் ஒரு மலையாளித் தொண்டர் என் கையில் பிளாஸ்டிக் பாட்டிலைத் திணித்தார். கொஞ்சம் வேகம் குறைத்ததற்கே, "நிக்கண்டா அங்கிள், டைம் போகும்!" என்று கத்தல். அங்கிளாம்! உள்ளே இருந்தது ஆரஞ்சு வாசனையில் இருமல் மருந்து மாதிரி ஏதோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருகாலத்தில் இதே வளைவில் நிற்காமல் போனால்தான் மானம் போகும்.

அப்போது நான் வலியசாலையிலிருந்து தம்பானூர் ஆபீசுக்குப் போய்வந்த குமாஸ்தா. என் சைக்கிள் செயினுக்குத் தேங்காயெண்ணெய்தான். இன்று செயின் எண்ணெய் விற்கிற விலைக்கு ஒரு கல்யாண விருந்தே நடத்தலாம், போகட்டும். போட்டிக்குக் கிளம்பினால் எதிர்வீட்டு மாமி விடமாட்டாள்: "ஏண்டா, ஆபீஸ் போற பிள்ளை அரை நிஜாரோட அலையறயே, நோக்குப் பொண்ணு கிடைக்க வேண்டாமோ?"

எங்கள் மலைப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வளைவில் எல்லோரும் இறங்கி, எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் மாரியக்கா தரும் பால் விடாத கட்டன்சாயாவை ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். விறகுப் புகை மணம் தூரத்திலேயே மூக்கில் ஏறும். எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி. யாரும் மீறியதுமில்லை.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அந்த வளைவுக்கு நான் முதலில் வந்தேன். கிளாஸ் வாயில் இருக்கும்போது, புது கியர் சைக்கிள்காரன் கோபன் தலையைக் குனிந்துகொண்டு நேரே போய்விட்டான். வெற்றிக் கோப்பையும் அவனுக்கே. அநியாயம் என்று நான் குதித்தேன்.

"ரூல்ல சாயா இல்லல்லோ சாரே," என்றார் எங்கள் சைக்கிள் கிளப் செயலாளர். ரூலாம்! வருஷாவருஷம் அந்த அக்காவின் சாயாவை ஓசியில் குடித்த வாய் அது.

போட்டி முடிந்து எல்லோரும் இறங்கி வரும்போது மாரியக்கா நடுரோட்டில் நின்று கோபனை மறித்தார். கையில் கிளாஸ்.

"தம்பி, இது ஒங்க சாயா. அப்பவே ஊத்தி வச்சது. குடிச்சிட்டுப் போங்க."

சாயா ஜில்லென்று ஆறியிருந்தது. கோபன் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் அந்த வளைவில் முதலில் இறங்கிக் கை நீட்டியவனும் அவன்தான்.

மாரியக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இருந்த எஸ்டேட் லயத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன். என்னைத் தாண்டிப் போனவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை பேருக்கும் சாயா ஊற்றி ஆறவைத்து, இறங்கி வரும்போது வழிமறிக்க ஓர் ஆள் இல்லையே!