டாக்டரம்மாவின் பெயர் வெட்டிய குண்டான்

எங்கள் வீட்டுக் கோழிக் கூண்டின் முன் ஓர் எவர்சில்வர் குண்டான் இருக்கிறது. அதன் விளிம்பில், சீர்ப் பாத்திரங்களில் வெட்டுவதுபோலப் புள்ளி புள்ளியாக, ஒரு டாக்டரம்மாவின் பெயரும் பட்டமும் வெட்டப்பட்டிருக்கின்றன. பேச்சுப்போட்டியில் அவர் தம் கையாலேயே எனக்குத் தந்த முதற்பரிசு அது. நான் ஏறிய மேடைகள் பல. அந்த ஒன்றை மட்டும் நான் போட்டியாக நினைக்கவில்லை, வழக்காக நினைத்தேன்.

வழக்கு என் சித்தியுடையது. அம்மாவின் தங்கை, தா.பழூரில் வயலும் மாடுமாக இருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாதத்தில் மூன்று நாள் அவளால் நிமிர முடியாது. வறுத்த உப்பைத் துணியில் முடிந்து அடிவயிற்றில் அழுத்திக்கொண்டே அடுப்பு ஊதுவாள். ஏழு வருடம் ஜெயங்கொண்டத்துக்கு அந்த டாக்டரம்மாவிடம் போனாள். விடுமுறைகளில் துணைக்கு நானும் போயிருக்கிறேன். அவர் குரலில் அத்தனை இதம். வயிற்றைத் தொட்டுக்கூடப் பாராமல் மாத்திரை எழுதியபடியே சொல்வார்: "எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதுதாம்மா. ஒண்ணுமில்ல. ஒரு குழந்தை பெத்துட்டா சரியாப் போயிடும்." அந்தக் குழந்தையைத்தான் அந்த நோய் வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

அந்த 'ஒண்ணுமில்ல' சித்தி வீடு திரும்புமுன் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். "டாக்டரம்மாவே ஒண்ணுமில்லன்னுட்டாங்க. நடவு வந்தா மட்டும் இவளுக்கு எங்கேருந்து வருது வலி?" என்று மாமியார் வரப்பில் நின்று கேட்பார்; நடவாட்கள் சிரிப்பார்கள். திருச்சிக்குக் கூட்டிப்போகலாம் என்று சித்தப்பா ஒருமுறை வாயெடுத்தார். "நடிப்புக்குத் திருச்சியில மருந்து விக்கிறானா?" என்றார் மாமியார். சித்தப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். கடைசியில் அவருக்கு வேறு பெண் பார்த்தார்கள், கல்யாணமும் முடித்தார்கள். நடிக்கிறவள் என்ற பெயரோடு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அப்பாதான் திருச்சிக்கு அழைத்துப்போனார். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்த்தவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய உள்ளுறையைப் போன்ற திசு, வெளியே சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்திருந்தது. ஒரு சினைப்பையை எடுத்துவிட்டார்கள். "நாலஞ்சு வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று அந்த மருத்துவர் கேட்டபோது சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் பகை அன்று தொடங்கியது.

அப்போது நான் பெரம்பலூரில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். நோய் எதிர்ப்பாற்றல் பாடத்தில் பேராசிரியை ரத்தத்தின் காவல் அணுக்களான டி செல்களைப் பற்றிச் சொன்னார். சில நோய்க்கிருமிகளைத் தாக்கும், ஒரு தனி வகை மட்டும் தாக்குகிறவற்றை அடக்கி வைக்கும். அந்த வகை இல்லாவிட்டால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும். வகுப்பு முடிந்ததும் சித்தியின் நோயைச் சொல்லிக் கேட்டேன். "அந்த நோயில இந்த அடக்குற செல்லுங்க அளவுக்கு மீறி அடக்குதோ, அதனாலதான் வழிதவறின திசு அழியாமப் பொழைக்குதோன்னு ஆராயுறாங்க. இன்னும் முடிவாகல" என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அரியலூரில் நடந்த பேச்சுப்போட்டிக்கு டாக்டரம்மா சிறப்பு விருந்தினர் என்று நோட்டீஸில் கண்டேன். பெண்களின் நோய் முற்றக் காரணம் அலட்சியமா, அறியாமையா என்பது தலைப்பு. எந்தப் பக்கம் பேசுவது என்பதை மேடையேறுமுன் சீட்டுக் குலுக்கித் தருவார்கள். அலட்சியத்துக்காகவே ஒரு வாரம் என்னைத் தீட்டியிருந்தேன். பிரித்த சீட்டில் 'அறியாமை' என்றிருந்தது. அது டாக்டரம்மாவைத் தப்பவிடுகிற பக்கம். "போச்சா?" என்றாள் தோழி. "இருடி" என்றேன்.

"அவையோரே, அறியாமை என்றதும் நாற்று நடும் பெண்ணை நினைக்காதீர்கள். அவளுக்குத் தன் வலி தெரியும். உடம்புக்குள் ஒரு செல், 'விடு, ஒன்றுமில்லை' என்று காவலை அடக்குவதாக ஆய்வாளர்கள் ஐயுறுகிறார்கள். ஊருக்குள் ஒரு குரல் அதே சொல்லால் கணவனை அடக்கியது, மாமியாரை அடக்கியது, அழைத்துப்போக எழுந்த கால்களையெல்லாம் அடக்கியது. செல்லுக்குப் படிப்பில்லை, மன்னித்துவிடலாம். படித்த குரலை என்ன செய்வது? எனக்குத் தெரியவில்லை என்று அது ஒருமுறை சொல்லியிருந்தால், தா.பழூர்ப் பெண் அடுத்த பஸ்ஸில் திருச்சிக்குப் போயிருப்பாள்."

நடுவர்களை நான் பார்க்கவே இல்லை. சிறப்பு விருந்தினரைப் பார்த்துத்தான் பேசினேன். தொடக்கத்தில் தலையசைத்துக் கேட்டவர், ஊர்ப்பெயர் வந்ததும் அசைவதை நிறுத்தினார். குண்டானை நீட்டியபோது தணிந்த குரலில், "யாரும்மா அந்தப் பொண்ணு?" என்றார்.

"ஏழு வருஷம் நீங்க சீட்டு எழுதுன பொண்ணுதான், மேடம். பேரு உங்களுக்குத்தான் தெரியணும்."

அவர் குண்டானை விடவில்லை, நானும் விடவில்லை. போட்டோக்காரர் இருவரையும் சிரிக்கச் சொன்னார். நான் சிரித்தேன்.

ஜெயங்கொண்டத்தில் அவரிடம் இன்றும் கூட்டம் குறையவில்லை. என் பேச்சு ஒரு கதவையும் சாத்திவிடவில்லை என்பதை அறிவேன். அதற்காக என் கோபத்தை இறக்கி வைக்கவும் இல்லை.

பரிசை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பாத்திரக் கடையில் கொடுத்துப் பெயரை அழித்து வாங்கலாம் என்றாள் அம்மா. "அழிக்காதக்கா" என்றாள் சித்தி. விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய், தண்ணீர் நிரப்பிக் கோழிக் கூண்டின் முன் வைத்தாள்.

கோழிகள் அதன்மேல் ஏறி மிதிக்கின்றன, எச்சமிடுகின்றன. ஆனால் பெயர் மங்கவே இல்லை. வாரம் ஒருமுறை புளியும் சாம்பலும் போட்டு, அந்த விளிம்பை மட்டும் சித்தி அழுத்தித் தேய்த்துப் பளபளவென்று வைக்கிறாள்.