ஒரே செடி இரண்டு தடவை

தமீம் பாய் ஆளை அழிப்பதில் கெட்டிக்காரர். ரொம்ப நாளாக இதை நான் கேலியாகத்தான் சொல்லிவந்தேன்.

வெண்ணந்தூரில் எங்கள் இரண்டு கடைகளும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. மனு எழுதுவது, தட்டச்சு, ஆதார் சமாச்சாரம் எல்லாம் பார்ப்பேன். அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட பாயின் போட்டோ ஸ்டுடியோ. நடுவில் அரைச் சுவர்தான். நான் யாரையாவது திட்டினால் அவர் அங்கிருந்து சிரிப்பார். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சிரிக்க வேண்டியிருக்கும், எனக்கு வாய் அப்படி.

பாயிடம் வருவது பாதி சாவு வேலை. எங்கள் ஊரில் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஒருவர் செத்துப்போனால், காதுகுத்திலோ சீர் வீட்டிலோ பத்துப் பேரோடு நிற்கிற படத்தைப் போனில் கொண்டுவருவார்கள். பாய் ஒன்பது பேரைத் துடைத்துவிட்டு ஒருவரை மட்டும் நிறுத்தி, பின்னால் நீல வானத்தை வைப்பார். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் தயார். "தோள் மேல கெடக்கற அடுத்தவங்க கைய எடுக்கறதுதாங்க கஷ்டம். பக்கத்துத் துணிய எடுத்து அந்த எடத்துல ஒட்டோணும், ஒட்டுனது தெரியாம" என்பார்.

2021 மே மாதத்தில் கொரோனா நேரம் ஒரே நாளில் பதினோரு முகம் வந்தது. அன்று சாயங்காலம் அரைச் சுவரில் கையை ஊன்றி நின்றார். "மலரும்மா, ஊட்டுல கௌசியா மூஞ்சியக்கூட வெட்டி எடுக்கற மாதிரியே பாக்கறனுங்க. எனக்குப் பயமா இருக்குது" என்றார். கௌசியா அவர் மனைவி. மறுநாள் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்கரைக்குப் போனார். அதன்பிறகு ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த நடையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. முக்குளிப்பான் பறவை, பனைவரிசை, மேகம் மூடின போதமலை, காய்ந்த மரவள்ளிக்காடு. காலை ஒன்பது மணிக்குள் அன்றைய படத்தை அச்சுப்போட்டு கண்ணாடிக் கதவில் ஒட்டிவிடுவார். டீயைக் குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. ஜனங்களோடு கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் ஆளே இல்லாத இடத்தை ஒரு நிமிஷம் பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது.

"ஏனுங்க பாய், ஊருல எல்லாரையும் எங்க அனுப்பிச்சீங்க?" என்று கேட்டால், "அங்க பேச வேண்டியதில்லீங்க. மனசக் கழுவிக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கும்" என்பார்.

தப்பித்தவறி ஒரு மாடு மேய்ப்பவரோ மொபெட்டில் போகிறவரோ படத்தில் விழுந்துவிட்டால், பக்கத்துப் புல்லையோ பாறையையோ எடுத்து அவர்மேல் ஒட்டி மூடிவிடுவார். பழைய படத்தின் மேலேயே அதைச் சேமித்துவிடுவார். கேமரா கார்டையும் மறுநாள் விடிகாலையில் துடைத்துவிடுவார். அதையெல்லாம் வைத்துக்கொண்டால் அங்கேயும் முகங்கள் சேர்ந்துவிடுமாம்.

போன மார்கழிக் கடைசியில் அவருக்குப் புது இடம் ஒன்று கிடைத்தது. மலையடிவாரத்தில், மூடிப் பத்து வருஷமான கல்குவாரி. நாற்பது ஐம்பது அடி ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் படிபடியாய் வெட்டின பாறை. "அங்க ஒரு குருவி கத்தறதில்லீங்க. நான் இருமுனா, கொஞ்ச நேரம் கழிச்சு எதிர்ப்பக்கம் வேற ஆரோ இருமறாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கதவில் குவாரிதான். பனி, பாறை, பச்சைத் தண்ணீர். வியாழக்கிழமை நாலாவது படத்தை ஒட்டிக்கொண்டே, "இன்னிக்குக் கேமராவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுங்க" என்றார். ஆள் முகத்தைக் கண்டால் அந்தக் கேமராவின் திரையில் மஞ்சள் கட்டம் ஒன்று தானாக வந்து முகத்தின்மேல் நிற்கும். அன்று காலை ஆளே இல்லாத குவாரியில், தண்ணீர்மேல் கட்டம் போட்டதாம். கேமராவை நகர்த்தினாலும் கட்டம் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போனதாம்.

"மீனு ஆதாருக்குப் போட்டோ கேக்குதோ என்னமோ, எடுத்துக் குடுங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பதினோரு மணிக்குச் சின்னராஜ் அண்ணன் வந்தார். கீழ்வீதியில் வீட்டோடு இரண்டு விசைத்தறி வைத்திருப்பவர். வியாழக்கிழமைப் படத்தின் மேலேயே உள்ளங்கையை வைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் மனைவி நல்லம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. இரண்டு வருஷமாக மறதி. எப்போதோ விற்றுவிட்ட மேச்சேரி ஆட்டைத் தேடிக்கொண்டு அடிக்கடி வெளியே கிளம்பிவிடுவார். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனவரை யாரும் கூட்டிவரவில்லை.

"ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊடெல்லாம் பாத்தாச்சுங்க அம்மிணி. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நாள் நின்னேன். ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்தாச்சு. நோட்டீஸ் ஒட்டுனா, பாத்தவங்க ஆராச்சும் சொல்லுவாங்களாமா" என்று, அரைச் சுவர் வழியாக எட்டிப் பார்த்த என்னிடம் சொன்னார்.

அவர் கொண்டுவந்த படத்தில் ஏழு பெண்களோடு நல்லம்மாள் நின்றிருந்தார். பாய் ஒவ்வொருவராகத் துடைக்க ஆரம்பித்தார். நான் என் மடிக்கணினியோடு ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்து, சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தேன். காணவில்லை. பெயர், வயது, மாநிறம்.

"என்ன உடுத்தியிருந்தாங்கண்ணா?"

"பச்சைச் சீலைங்க. குளுருதுன்னு பையனோட பழைய ஸ்வெட்டரு ஒண்ணு மேல போட்டிருந்தா. நல்ல ஆரஞ்சுக் கலரு."

பாயின் மவுஸ் சத்தம் நின்றது. ஆறு பெண்களைத் துடைத்துவிட்டிருந்தார். ஏழாவது பெண்ணின் கை மட்டும் நல்லம்மாளின் தோள்மேல் மிச்சமிருந்தது.

"மலரும்மா" என்றார். அது அவர் குரலாகவே இல்லை. "கதவுல இருக்கற நாலு படத்தையும் எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்து மேசையில் பரப்பினேன். சின்னராஜ் அண்ணனைப் பார்க்காமல் பாய் பேசினார்.

"திங்கக்கிழமை படத்துல எதிர்ப்பாறையில ஆரஞ்சா ஒரு புள்ளி இருந்துச்சுங்க. கேமராவுல பாக்கறப்பத் தெரியிலீங்க. கடைக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணுனா, ஒரு பொம்பள முதுகக் காட்டி உக்காந்திருந்துச்சு. காலைல ஒதுங்க வந்தவங்கன்னு நெனச்சேன். அதப் போயிக் கதவுல ஒட்டலாங்களா? மானத்துக்குக் கேடுன்னு தொடச்சுட்டேன். செவ்வாக்கிழமையும் இருந்துச்சு, கொஞ்சம் கீழ. புதங்கிழமை தண்ணிகிட்ட."

"இன்னிக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இன்னிக்குத் தொடைக்க ஒண்ணுமில்லீங்க. சந்தோஷமா இருந்துச்சு."

சின்னராஜ் அண்ணன் நாலு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்லாவற்றிலும் வெறும் பாறைதான். "எந்த எடத்துலைங்க?" என்றார். பாய் விரலைப் படத்தின்மேல் கொண்டுபோனார், அது எங்கேயும் நிற்கவில்லை. அவர் வேலை அவ்வளவு சுத்தம். அவருக்கே இடம் தெரியவில்லை.

நான்தான் கண்டுபிடித்தேன். திங்கட்கிழமைப் படத்தில் பாறை இடுக்கில் ஓர் எருக்கஞ்செடி, ஒரு கிளை முறிந்து தொங்கியது. ஒரு விரற்கடை தள்ளி இன்னோர் எருக்கஞ்செடி. அதிலும் அதே கிளை, அதே முறிவு.

"பாய், ஒரே செடி ரெண்டு தடவை இருக்குது."

செவ்வாய்க்கிழமைப் படத்தில் பாறையின் வெள்ளை வரி ஒன்று இரண்டு தடவை இருந்தது. புதன்கிழமை தண்ணீரோரம் ஒரு ஈரத்திட்டு இரண்டு தடவை. மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. காலையில் பாய் சொன்ன மஞ்சள் கட்டத்தை நினைத்துக்கொண்டேன். பாயும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று பேரும் குவாரிக்குப் போனோம். உச்சிவெயிலிலும் அந்தக் குழிக்குள் குளிர் இருந்தது. நிஜமாகவே ஒரு குருவிகூடக் கத்தவில்லை. எதிர்ப்பாறையில் எருக்கஞ்செடி ஒன்றே ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வாசலில் விட்டதுபோல் சேர்த்து வைத்திருந்தது.

"இது குழியாவறதுக்கு முன்னாடி எங்க ஆடு இங்கதானுங்க மேயும்" என்றார் சின்னராஜ் அண்ணன். பிறகு தண்ணீரைப் பார்த்து, "நல்லம்மா" என்று கூப்பிட்டார். அந்தப் பெயர் எதிர்ப்பக்கம் போய், கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரோ கூப்பிடுவதுபோலத் திரும்பி வந்தது. அதன்பின் அவர் கூப்பிடவில்லை.

தீயணைப்புக்காரர்கள் மூன்று மணிக்கு இறங்கி, நாலு மணிக்கு நல்லம்மாளை எடுத்தார்கள். எங்கே தேடுவது என்று கேட்டபோது பாய்தான் கையை நீட்டி, காலையில் மஞ்சள் கட்டம் நின்ற இடத்தைக் காட்டினார். அந்த இடத்தில்தான் இருந்தார்.

எனக்குப் பாய்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று நாள், மூன்று காலை, ஒருத்தி பனியில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனிதர் அவளைப் பெரிதாக்கிப் பார்த்துத் துடைத்திருக்கிறார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த மூன்று காலையும் நான் டீ குடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறதென்று பார்த்ததும் அதே பாறையைத்தான். அதற்கு யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் சின்னராஜ் அண்ணன் மறுபடி ஸ்டுடியோவுக்கு வந்தார். அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"ஊட்டுல அவ தனியா இருக்கற படம் ஒண்ணும் இல்லீங்க பாய். பாறையில தனியா உக்காந்திருந்தத எடுத்தீங்களே, அதக் குடுங்க. முதுகாயிருந்தாப் போவுது."

"இல்லீங்க. தொடச்சதுதான் இருக்குது. மத்ததெல்லாம் அழிச்சுட்டேன்" என்றார் பாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். புதங்கிழமை எனக்குத் தெரிஞ்சுதுங்க, ஒதுங்க வந்தவங்க இல்லேன்னு. தலமுடி அவுந்து கெடந்துச்சு, கால்ல செருப்பில்ல. கடையச் சாத்திட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். போனா, ஆரு என்னன்னு கேக்கோணும், கூட்டிட்டு வரோணும், பேசோணும். பேசாம இருக்கறதுக்குத்தான நான் அங்க போறதே. தொடச்சுட்டேன்."

அடி விழும் என்று நினைத்தேன். விழட்டும் என்றும் நினைத்தேன். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சின்னராஜ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூல் அது.

"அப்ப அந்தத் தொடச்ச படத்தையே பெருசாப் போட்டுக் குடுங்க" என்றார்.

பாய் இப்போது கேமராவைத் தொடுவதில்லை. விடிகாலையில் வெறுங்கையோடு நடக்கிறார். எதிரில் வருகிறவர்களை நிறுத்தி, எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார். ஊரில் சிலர் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்கிறார்கள்.

போன வாரம் இறப்புச் சான்றிதழைக் கொடுக்கச் சின்னராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது, சுவரெல்லாம் அதிர்ந்தது. சுவரில் சட்டம் போட்டு, மல்லிகைச் சரம் சாத்தி, அந்தத் திங்கட்கிழமைக் குவாரிப் படம். ஆள் இல்லாத பாறைக்கு மாலை. கண்ணாடிமேல் ஒரு சிவப்புக் குங்குமப் பொட்டு. கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு எருக்கஞ்செடியில் எது நிஜம், எது ஒட்டியது என்று குவாரியில் நேரில் பார்த்த எனக்குத் தெரியும். பொட்டு, நல்லம்மாளை மறைக்க ஒட்டிய செடியின்மேல், கொஞ்சமும் விலகாமல் இருந்தது. தறியின் அதிர்வில் படம் நடுங்கியது. வாசல்படியிலிருந்து பார்த்தால் பாறைமேல் யாரோ குளிருக்குக் குறுகி உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்தது.

"இத்தன சரியா எப்படிங்கண்ணா வெச்சீங்க?"

"நான் வெக்கிலீங்க அம்மிணி. எனக்கு எடம் தெரியாதுங்களே. பாய் வந்து வெச்சுட்டுப் போனாரு."