பத்துக்கு எத்தனை, அக்கா?

எனக்குப் பொறுமை கிடையாது. அளவெடுக்க வருகிற பெண்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் நாடாவைச் சுருட்டி வைத்துவிடுவேன். "மூச்சை விடும். சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சு விடாமலே இருக்கப் போறீர்?" என்று ஏசுவேன். நெடுந்தீவில் இருபது வருடமாகத் தைக்கிறேன். பாதிப் பள்ளிக்கூடம் என் வெள்ளைச் சட்டையில்தான் போகிறது.

போன வருடம் யாழ்ப்பாணத்தில் துணி எடுத்துக்கொண்டு படகு ஏறுகிற குறிகட்டுவானுக்கு ஒரு வாடகை வான் வண்டியில் வந்தேன். சாரதி போனில் கதைத்துக் கதைத்துக் கொண்டுபோய் மதகில் ஏற்றினான். மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு அடிமுதுகு, நாரி போயிற்று. அதற்குப் பிறகு மெசினில் குந்திச் சிறிது நேரத்திலேயே இடுப்பிலிருந்து குதிக்கால் வரை இழுக்கும். எழும்பி நடப்பேன். நடந்தாலும் மனம் ஆறாது, தைக்கக் கிடக்கிற துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் போய் இருப்பேன். கடல் தொழிலால் வந்து படுத்திருக்கும் என் மனிசன், "ஒரு இடத்திலை இருமன், எனக்குத் தலை சுத்துது" என்பார். ஏலாது என்ற சொல்லை மட்டும் நான் சொல்லவே மாட்டேன். சொன்னால் தந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வானின் காப்புறுதிக்காரரிடம் நட்டஈடு கேட்டோம். கிடைத்தால் வைத்தியத்தைத் தொடரலாம். கிடைக்காவிட்டால் இந்த நாரியோடு மல்லுக்கட்டியபடியே காலம் தள்ள வேண்டியதுதான். சட்டத்தரணி சொன்னார்: "அக்கா, நீங்கள் வாயாலை சொல்லுறது காணாது. இரண்டு கிழமைக்கு ஒருக்கா பிசியோவிட்டைப் போய் அளப்பிச்சு, எழுதி வாங்குங்கோ. அந்தத் தாள்தான் கதைக்கும்."

யாழ்ப்பாணத்தில் பிசியோ ஒரு சின்னப் பெண். அவளுடைய தாளில் மூன்று விஷயம்தான். குனிந்தால் விரல் நுனிக்கும் நிலத்துக்கும் எவ்வளவு இடைவெளி, கதிரையில் எவ்வளவு நேரம் இருக்கலாம், நோ, அதாவது வலி, பத்துக்கு எத்தனை. முதல் நாள் ஏழு என்றேன்.

வைத்தியரிடம் போவதென்றால் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. விடியவே முழுகி, தலை வாரி இழுத்து, பெட்டியில் இருக்கிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போகவேண்டும். செத்தவீட்டு முகத்தோடு போய் நிற்பது மரியாதையில்லை. படகின் குலுக்கலுக்கு நாரி பிளந்துவிடும் என்று இரண்டு நோக் குளிசையும் விழுங்குவேன். பஸ்ஸில் யாராவது எழும்பி இடம் தந்தால் மறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு அதில் இருப்பேன். கிளினிக்கில் வரிசையாக இருந்து காத்திருக்கிற வாங்கிலோ எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேராவது காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள்.

"பத்துக்கு எத்தினை, அக்கா?"

"பரவாயில்லைப் பிள்ளை. மூண்டு போடுமன்."

"குனியுங்கோ பாப்பம்."

குளிசையின் தைரியத்தில் குனிவேன். கதிரையிலும் வியர்க்க வியர்க்க இருந்து காட்டுவேன். "நல்ல முன்னேற்றம் அக்கா!" என்று அவள் முகம் மலரும். பாவம், எவ்வளவு பாடுபட்டுப் பயிற்சி சொல்லித்தந்த பிள்ளை, அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது?

சில மாதம் கழித்துச் சட்டத்தரணி போன் எடுத்தார். "அக்கா, காப்புறுதிக்காரர் உங்கடை தாளைத்தான் தூக்கிக் காட்டுகினம். நோ ஏழிலை தொடங்கி இரண்டுக்கு வந்திட்டுதாம். உங்களுக்குச் சுகமாம்."

எனக்கு விசர் பிடித்தது. வீட்டைச் சுற்றி எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. ஏசுவதென்றால் யாரை ஏச? முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவள் நான்தானே.

அடுத்த முறை குளிசையை விழுங்காமல் போனேன். ஐயோ, அந்தப் படகுப் பயணத்தை எதிரிக்கும் சொல்லமாட்டேன். கிளினிக்குக்குள் போனதுமே, "நான் இவ்வளவு நாளும் வயித்தை எக்கிக்கொண்டு நிண்டிட்டன் பிள்ளை" என்றேன். அவள் விழித்தாள். குளிசையையும் பரவாயில்லையையும் விளங்கப்படுத்தினேன். அவள் ஏசவில்லை. பழைய தாள்கள் குளிசை போட்டபடி அளந்தவை என்று எழுதிக்கொண்டு, மணிக்கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டாள்.

"மெசினிலை இருக்கிற மாதிரி இருங்கோ. எழும்ப வேணும் எண்டால் எழும்புங்கோ."

ஒன்பதாவது நிமிடம் எழும்பினேன். குனிந்தபோது விரல் முழங்காலோடு நின்றது.

"பத்துக்கு எத்தினை, அக்கா?"

"எட்டு!"

வாங்கில் இருந்த தலைகள் திரும்பின. திரும்பட்டும்.

தாளின் அடியில் தொழில் என்று ஓர் இடம் இருந்தது. இத்தனை நாளும் அதில், 'தையல், செய்யக்கூடியதாக உள்ளது' என்றே இருந்திருக்கிறது. இன்றைக்கு அவள் எழுதித் தாளை என் பக்கம் திருப்பினாள். 'தையல் மெசினில் இருந்து வேலை செய்ய இயலாது.'

"இது சரியோ அக்கா?"

இதை எழுத்தில் வாங்கத்தானே கடல் கடந்து வந்தேன். சட்டத்தரணிக்குச் சந்தோஷம் பிடிபடாது. எனக்கோ அவள் பேனாவைப் பறித்து அந்த வரியை வெட்டவேண்டும் போல இருந்தது.

"இனி மாறாதோ பிள்ளை?"

"எனக்குத் தெரியேல்லை அக்கா. அளந்து பாத்துக்கொண்டிருப்பம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வாங்குக்கு முன்னால் நின்றே அழுதேன்.

குறிகட்டுவான் பஸ் நிறைந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி என்னைக் கண்டதும் எழும்பினாள். அவளுடைய மகளின் துணி ஒரு மாதமாக என் மெசினடியில் கிடக்கிறது.

"இதிலை இருங்கோ அக்கா. பிள்ளையின்ரை வெள்ளைச் சட்டை திங்கக்கிழமைக்குத் தருவியளோ?"

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலாது" என்றேன். "இருக்கவும் ஏலாது, தைக்கவும் ஏலாது. நாளைக்கு வந்து துணியை எடுத்துக்கொண்டு போம்."