பதுளையின் முதுகுப் பக்கம்

பதுளை நகரத்தை நான் முதன்முதலாகச் சுற்றிப் பார்த்தது அதன் முதுகுப் பக்கமாகத்தான். அப்போது எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் ஹாலிஎலக்கு மேலே இருந்தது. அங்கிருந்து டவுனுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். சின்ன வயதில் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கும் ஒரு தரம் தேர் பார்க்கவும் போயிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் அம்மாவின் இடுப்பிலோ அப்பாவின் தோளிலோ இருந்தபடி பார்த்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பிறப்புச் சான்றிதழ். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் தேறியதால் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. அப்பாவோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய்த் திரும்பிய அன்று பெரிய டீச்சர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், பிறகு என்னையும் ஒரு தரம் பார்த்தார். அதில் நான் ஆண் என்று எழுதியிருந்தது. என்னைப் பதிந்த அன்று பதிவாளருக்கு என்ன அவசரமோ. பத்து வருஷமாக வீட்டிலும் யாரும் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவில்லை. அப்பாவோ தோட்டப் பள்ளியில் வாத்தியார், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருடைய கடிதங்களுக்கும் பிழை திருத்திக் கொடுப்பவர். அந்த வாரம் முழுக்க அம்மா இதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

திருத்தச் சொல்லி மனுக் கொடுத்ததற்கான துண்டுச் சீட்டையாவது வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அப்பாவின் பள்ளியில் பரீட்சை, அங்கே இருந்ததே இரண்டு வாத்தியார்கள்தான். அம்மாவின் மடியில் ஒரு மாதத் தம்பி. ஆகவே என்னை அழைத்துப் போகும் பொறுப்பு அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு வந்தது. அத்தை எங்கள் லயத்திலேயே நாலு காம்பரா தள்ளிக் குடியிருந்தாள், கொழுந்து பறித்தாள், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இந்த வேலைக்கு அவளை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஏனென்றால் அத்தை டவுனில் இருந்தவள். வீட்டில் அதை எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். சின்ன வயதில் அவள் ஏதோ வசதியாக டவுனில் வாழ்ந்திருக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிப் பெருமையடித்தும் இருக்கிறேன்.

பஸ் வழியில் டயர் மாற்ற நின்றுவிட்டது. பதுளையில் இறங்கும்போது பதினொன்றரை. கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலைப் பன்னிரண்டுக்கு மூடிவிடுவார்கள். நான் கடைவீதிப் பக்கம் ஓட, அத்தை என் பின்னலைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கிட்டு எங்க போற? இப்படி வா புள்ள."

மீன்கடைக்கும் மரம் விற்கும் ஒரு மரக்காலையின் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். அதற்குள் போனதும் எனக்குத் தெரிந்த பதுளை மறைந்துவிட்டது. ஒரு பேக்கரியின் பின்சுவர் சுட்டுக்கொண்டிருந்தது. அத்தை நடக்கும்போதே அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இன்னைக்கு ரெண்டாம் அடுப்பும் எரியுது," என்றாள். சாப்பாட்டுக் கடைகளின் பின்னால் தேங்காய் மட்டைகள் ஆளுயரம் குவிந்து கிடந்தன. தையல்காரர் ஒருவர் மாடியிலிருந்து கொட்டிய துணித் துண்டுகள் கூரைத் தகரம் முழுக்கப் பல நிறத்தில் ஒட்டியிருந்தன. அகலமான சாக்கடையின் மேல் ஒற்றைப் பலகை போட்டிருந்தது. அத்தை அதைக் கீழே பார்க்காமல் தாண்டினாள், நான் உட்கார்ந்து நகர்ந்து தாண்டினேன். கோயிலின் பின்மதிலோரம் வாடிய மாலைகளைக் கொட்டும் இடத்தில் இரண்டு ஆடுகள் சாமந்திப் பூவாகப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

பின்வாசல்களில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கியவர்களும் அரிசி களைந்தவர்களும் அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்கள். சிலர் தமிழிலும் சிலர் சிங்களத்திலும் பேசினார்கள். அத்தை இரண்டிலும் பதில் சொன்னாள். ஆனால் ஒருவர்கூட அவளை அவள் பெயரால் கூப்பிடவில்லை. சூட்டி என்றார்கள். சிங்களத்தில் சின்னவள் என்று பொருள்.

"அது என்ன அத்தை, ஒங்க பேர் அது இல்லையே."

"நான் டவுன்ல இருந்த வீட்டு மகளுக்கும் என் பேர்தான். ஒரே வீட்ல ரெண்டு பேரு ஒரே பேர்ல இருந்தா குழப்பம் இல்லையா? அதனால வச்சது."

அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வகுப்பிலும் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள்.

சுவரோரப் படிகளில் மூச்சு வாங்க ஏறிக் கச்சேரிக்குள் போனபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. ஜன்னலில் இருந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தாயோ தகப்பனோ வர வேண்டும் என்று திருப்பித் தள்ளினார். அப்பா கையெழுத்துப் போட்ட கடிதத்தை அத்தை காட்டினாள். அதையும் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை வாதாடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றிப் பின்னால் போனாள். அங்கே ஒரு சின்னச் சமையலறையில் வயதான சிங்களப் பெண் ஒருவர் ஆபீசுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தையைக் கண்டதும் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். இருவரும் ஒரு காலத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்களாம். அத்தை நாலு வார்த்தை சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, என் சான்றிதழைப் பார்த்து, என் பின்னலையும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தட்டில் தேநீரோடு என் தாள்களையும் வைத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்த பெரிய அதிகாரி தேநீர் குடித்து முடிப்பதற்குள் கையெழுத்தும் முத்திரையுமாகத் துண்டு வெளியே வந்துவிட்டது. அதைப் பள்ளிக்கூட அலுவலகத்தில் கொடுத்தோம். அன்றிலிருந்து நான் அங்கே மாணவி, கொஞ்ச நாளில் அரசாங்கக் கணக்கிலும் பெண்.

அதன்பிறகுதான் நான் கடைவீதியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு நேர் ரோட்டில் போவோம் என்றேன். அத்தை தயங்கினாள். "அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்ல புள்ள," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் ரோட்டில் ஏறியதும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போர்டுகளை என்னை வாசிக்கச் சொன்னாள். ஒரே மருந்துக்கடையை இரண்டு தரம் கடந்தோம். சந்துக்குள் அம்பாகப் போனவள், கண்ணாடிக் கடைகளுக்கு முன்னால் ஊருக்குப் புதியவள் மாதிரி திகைத்து நின்றாள்.

ஒரு புடவைக்கடை வாசலில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கடையின் கடைசியில், துணிக் கட்டுகளுக்கு அப்பால், மேலே ஏறும் ஒரு பழைய மரப்படி தெரிந்தது.

"அட, இதுவா," என்றாள். "இது முன்னால இருந்து பார்த்தா இப்படியா இருக்கும்?"

வாசலில் நின்ற விற்பனையாளர் இளைஞர்தான். "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க," என்றார்.

அத்தை செருப்பைக் கழற்றப் போனாள். வேண்டாம், அப்படியே வாங்க என்றார். அவள் உள்ளே போனாள். எந்தப் புடவையையும் தொடவில்லை. நடுவில் மெதுவாக நடந்து மரப்படி வரைக்கும் போய், அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கதவு சாத்தியிருந்தது.

"அதுல வழி இல்லைங்க. அது வேலைக்காரங்க போற வழி," என்றார் அவர்.

"ஆமாங்க, தெரியும்," என்றாள் அத்தை. சிரித்துக்கொண்டே திரும்பி, வந்த வழியே கடை முழுவதும் நடந்து முன்வாசலால் வெளியே வந்தாள். ரோட்டில் நின்று கட்டிடத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள். அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள். எனக்கு ஐஸ் சொக் வாங்கிக் கொடுத்துத் தானும் ஒன்று தின்றாள்.

இப்போது எனக்கு வேலை பதுளையில்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சந்துகளில் நடக்கிறேன். மரக்காலை இல்லை, பலகைக்குப் பதில் சிமெந்துப் பாலம். பேக்கரிச் சுவர் மட்டும் இன்னும் சுடுகிறது. அத்தை அந்த வீட்டு வேலைக்குப் போனதும் பத்து வயதில்தான். அப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் அது. ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கத்தான் வீட்டில் வழி இருந்ததாம். எட்டு வருஷம் அந்தக் கடைக்கு மேலே இருந்திருக்கிறாள், அந்தச் சின்னக் கதவு வழியாகவே போய் வந்திருக்கிறாள். இதையெல்லாம் நான் அறிந்தது ரொம்பப் பின்னால்.

அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னிடம் ஒரு நல்ல சிரிப்புக் கதை இருக்கிறது என்பது மட்டும்தான். டவுனில் இருந்தவளுக்கு நடு ரோட்டில் வழி தெரியவில்லை என்று அம்மாவிடம் நடித்துக் காட்டினேன். மருந்துக்கடையை இரண்டு தரம் சுற்றியதையும், மரப்படி உள்ள புடவைக்கடைக்குள் அத்தை போய் வந்ததையும் சொன்னேன். அம்மா சிரித்தாள், அத்தை அதைவிடச் சிரித்தாள், நான் விட்ட இடங்களை எடுத்தும் கொடுத்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கடைக்குள்ள எந்தப் பக்கமா போனீங்க?" என்று கேட்டார்.

"முன்பக்கமாத்தான்பா."

"வர்றப்ப?"

"வர்றப்பவும் அதே வழிதான்."

அப்பா அத்தையைப் பார்த்தார். "சாப்பிடு தம்பி, ஆறிப்போவுது," என்றாள் அத்தை. அவர் சாப்பிடவில்லை. தட்டில் பாதிச் சோறு இருக்கவே எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் வாசலில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். கடை பார்க்கப் போய் நேரத்தை வீணாக்கினோம் என்று அவருக்குக் கோபம் போலிருக்கிறது என்று எண்ணினேன். அத்தைக்காக நானே போய்ப் பேசுவது என்று முடிவு செய்து, அவர் பக்கத்தில் போய் நின்று, நாங்கள் பஸ்ஸைத் தவறவிடவே இல்லை என்று சொன்னேன்.