வெள்ளத்தில் தூக்கி வைத்த தண்ணீர்

போன வாரம் புயல் எச்சரிக்கை வந்ததும் சென்னையில் எங்கள் தெருக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்தினார்கள். பக்கத்து ஃபிளாட்காரர் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்கி அடுக்கினார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அண்டாவில் தொடங்கி டிபன் கேரியர் வரைக்கும் தண்ணீர் பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தேன். என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிய பூரா தண்ணிதானம்மா வரப்போகுது" என்று சிரித்தான். சிரிக்கட்டும். கோவில்பட்டியில் வளர்ந்தவளுக்கு வானம் இருண்டால் வேறென்ன தோன்றும்?

பிளாஸ்டிக் குடத்தில் நாள்பட்ட தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதுதான் அம்மா வீட்டு வாசனை. அப்போதெல்லாம் எங்கள் தெருக்குழாயில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வருகிற அன்றைக்குத் தெருவே கல்யாண வீடு மாதிரி இருக்கும், சண்டை உட்பட. எங்கள் அம்மாவுக்கும் எதிர்வீட்டு ராசாத்தி அத்தைக்கும் ஒரு குடத்தை முன்னே பின்னே வைத்ததில் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அத்தை என்றால் சொந்தம் இல்லை, தெரு முறைக்கு அத்தை. பேச்சுதான் கிடையாதே தவிர, எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லாமல் அம்மா ஒருநாளும் வாசல் தெளித்ததில்லை.

நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த ஒரு கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது. புயலெல்லாம் கடற்கரைக்காரர்கள் சமாசாரம், நமக்கு நாலு மழை கிடைத்தால் உளுந்துக்கு நல்லது என்றார் அப்பா. அவர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் கரிசல்காட்டு மனுஷருக்கு மழையைக் குறை சொல்ல வாய் வராது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கண்மாய் உடைந்து, ஓடை வழியாகத் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. கறுப்பாக, கூழ் மாதிரி கெட்டியாக வந்தது.

வீட்டில் அப்போது பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவும், பிறந்து பன்னிரண்டே நாளான அவள் மகளும் இருந்தார்கள். அக்காவுக்குக் காய்ச்சல், தாய்ப்பால் போதவில்லை. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பச்சை உடம்பு, தண்ணீரில் மட்டும் கவனம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே ஏறியதும் நான் ஓடிப்போய் டிவியைத் தூக்கினேன். என் சம்பளத்தில் வாங்கிய முதல் பெரிய பொருள் அதுதான்.

"ஏட்டி, அத அங்கன வச்சிட்டு கொடத்தத் தூக்கு" என்றாள் அம்மா.

பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்யப்போன அப்பாவையும் நிறுத்தினாள். அந்தக் குரலுக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. ஒரு கட்டிலில் அக்காவும் பிள்ளையும், இன்னொரு கட்டிலில் ஏழு குடம் குடிதண்ணீர். டிவி மூழ்கியது, பீரோவில் பட்டுச்சேலைகள் ஊறின. என் சர்டிபிகேட் பையையாவது காப்பாற்றினேன் என்று அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பெருமையாக நின்றிருந்தேன். திறந்து பார்த்தால் அது கேஸ் சிலிண்டர் புத்தகமும் பழைய எக்ஸ்ரே படங்களும் இருந்த பை.

"வெள்ளத்துல தண்ணியத் தூக்கி வச்ச குடும்பம் ஒலகத்துலயே நம்ம ஒண்ணுதான்" என்றார் அப்பா. அம்மா கேட்காத மாதிரி ஈரத்துணியைப் பிழிந்து குடங்களின் மேல் மூடினாள்.

வெள்ளம் இரண்டு நாளில் வடிந்தது. குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ரோடு அறுத்துக்கொண்டதால் லாரியும் வரவில்லை. தெருமுனை அடிபம்பில் சேறு வந்தது. ஓட்டிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் இருந்தது, ஆனால் புறா எச்சம் விழுந்த அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் காய்ச்சிக்கூடக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. கழுவ மட்டும்தான் அது. ஏழு குடத்தில் இரண்டு மிச்சம் இருந்தன. எங்களுக்கெல்லாம் அரை டம்ளர், பிள்ளைக்கு மட்டும் வேண்டிய மட்டும் என்று அம்மா பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.

கரிசல் சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற சேறு காலில் ஒட்டும், இது காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். வீடு பூராவும் விரற்கடை கனத்துக்கு அது படிந்திருந்தது. பிள்ளையைக் கீழே கிடத்த ஒரு சுத்தமான இடம் வேண்டுமே என்று அப்பா காலையிலிருந்து குனிந்து வழித்துக்கொண்டிருந்தார். கட்டிலை வெயிலில் போட வேண்டும் என்று குடங்களைக் கீழே இறக்கியது நான்தான். குடிதண்ணீர்க் குடமும் மழைத்தண்ணீர்க் குடமும் ஒரே பச்சை நிறம். அம்மா அக்காவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா மழைத்தண்ணீர் என்று நினைத்து அந்த இரண்டு குடத்தையும் ஊற்றித் தரையை அருமையாகக் கழுவி முடித்துவிட்டார்.

அம்மா வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. வெறும் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டாள். பிள்ளை பசியில் அழ ஆரம்பித்திருந்தது. அப்பாவின் முகத்தை அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குடத்தை இறக்கியது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அங்கே பீரோ உச்சியில் நாலு குடம். அதற்கடுத்த வீட்டில் ரேஷன் கார்டு கூழாகியிருந்தது, பரணில் தண்ணீர் பத்திரமாக இருந்தது. இன்னொரு வீட்டு அண்ணாச்சி வெள்ளம் வடிகிறவரை மேசைமேல் சம்மணம் போட்டு, மடியில் குடத்தோடு உட்கார்ந்திருந்தாராம். எங்கள் வீட்டுக் கிறுக்கு என்று நாங்கள் நினைத்ததைத் தெருவே செய்திருந்தது. ஆளுக்கொரு சொம்பு வந்தது. அவர்களுக்கே போதாத தண்ணீர். ஒன்றில் செம்பு வாசனை, ஒன்றில் வெட்டிவேர் வாசனை. அம்மா ஒவ்வொன்றாக வாங்கித் துணியில் வடிகட்டினாள்.

எதிர்வீட்டில் மட்டும் அப்பா கேட்கவில்லை. கேட்க முடியாதே. கொஞ்ச நேரத்தில் ராசாத்தி அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் காலை இழுத்து இழுத்து, இடுப்பில் ஒரு நிறைகுடத்தோடு வந்தாள். சொம்பு இல்லை, குடம். வாசலில் இறக்கி வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்:

"இது ஒனக்கில்ல. பச்சப் பிள்ளைக்கி."

அம்மா அழுததை நான் பார்த்தது அப்போதுதான். அதற்காக இருவரும் ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து குழாயில் தண்ணீர் வந்த அன்றைக்கே, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். ஆனால் இந்தத் தடவை நேருக்கு நேர் நின்று, பேர் சொல்லிச் சண்டை. அம்மா சாகிறவரைக்கும் அவர்களுக்குப் பேச்சுவார்த்தை இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு வருகிற தையில் கல்யாணம். தண்ணீர் கொடுத்த பதினான்கு வீட்டுக்கும் நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்க வேண்டும் என்று அக்கா ஒரே பிடிவாதம். போன மாதம், ஆளுக்கொரு பை கடம்பூர் போளியோடு கிளம்பினோம். தெரு சிமெண்ட் ரோடாகி உயர்ந்துவிட்டது. வீடுகள் மாடியாகி, வாசலில் தண்ணீர் கேன்கள் நிற்கின்றன. கதவைத் திறந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை, நாங்கள் யாரென்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஐந்து வீட்டில் பழைய ஆட்கள் இருந்தார்கள். ராசாத்தி அத்தையின் வீடு இருந்த இடத்தில் கம்பிவேலி போட்ட காலி மனை. மகனோடு திருப்பூருக்குப் போன இடத்தில் இறந்துபோய் ஒரு வருஷமாயிற்று என்று இஸ்திரிக் கடைக்காரர் சொன்னார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் அம்மாதான், அவளும் இல்லை.

அக்கா அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்றா என்று கேட்டாள்.

"குடுத்தாச்சுட்டி" என்றாள் அக்கா. "எல்லாரும் வாரோம்னு சொல்லிட்டாவ."

என் பையில் ஒன்பது பத்திரிகை மிச்சமிருந்தது.