அஞ்சு வாட் ஆம்ப்பும் கிணற்று மோட்டாரும்

அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவர்கள் நான், மாதேஷ் அண்ணன், அண்ணி, தொட்டிலில் பல் முளைக்கிற குழந்தை. மோட்டார் கொட்டாயில் யாரும் இல்லை. யாராவது ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

போன வாரம் ஓசூரில் என் வாடகை அறையில் டியூப்லைட் சற்று மங்கி, மறுபடி பளிச்சென்று ஆனது. கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கோ சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மனசு கம்பைநல்லூர்ப் பக்கம் போய்விட்டது. விளக்கு மங்கினால் சந்தோஷப்பட்ட குடும்பம் இந்த ஜில்லாவிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாதேஷ் அண்ணன் என் பெரியப்பா மகன். எங்கள் குடும்பத்தில் படிப்பு ஏறியது எனக்கு மட்டும்தான்; அவர் சின்ன வயதிலேயே ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனவர், தூக்கிக்கொண்டே கிட்டாரும் கற்றுக்கொண்டார். திருவிழாக்களுக்கு டிஜே வண்டி வந்த பிறகு அந்தக் குழுவை யாரும் கூப்பிடவில்லை. கிட்டாரோடு ஊர் திரும்பி, சாமந்தி போட்டார். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டி இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறதே, அதை வாசித்தால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். அந்தக் கொசுவோடு இரண்டு வருஷம் ஓட்டியவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “வூட்ல வாசிக்கறதுக்கு ஒரு ஆம்ப் வாங்கணும்டா. நீ படிச்சவன், எதுன்னு பாத்துச் சொல்லு.”

என்னிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கக் கூடாது. மூன்று வாரம் செல்போனில் படித்துத் தள்ளினேன். கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்புக்கு ஒரு குணம் உண்டாம்: வால்வு திணறுகிற அளவுக்கு வால்யூம் குமிழைத் திருப்பினால்தான் சத்தம் கனிந்து வரும். பெரிய ஆம்ப்பை வீட்டுக்குள் அந்த அளவு திருப்பினால் ஓடு பறக்கும். ஆகவே வீட்டுக்கு எத்தனை சின்ன வாட்டோ அத்தனை நல்லது. பரீட்சைக்கு ஒப்பிப்பதுபோல் இதை அண்ணனிடம் ஒப்பித்தேன்.

இருவரும் தேடிப் போன பெங்களூர்க் கடையில் ஒரு வாட் ஆம்ப் ஸ்டாக் இல்லை. அஞ்சும் பதினஞ்சும் இருந்தன.

“அஞ்சு வாட்டா?” அண்ணன் சிரித்தார். “எங்க மாட்டுக் கொட்டாய்ல எரியற பல்பே ஒம்போது வாட்டு தம்பி.”

“வூட்டுக்குன்னா அஞ்சே ஜாஸ்தி சார், கேட்டுப் பாருங்க” என்று கடைப்பையன் குமிழைத் திருப்பினான். ஷோகேஸ் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு, “சரி, அஞ்சே குடு” என்றார்.

கடைப்பையன் சொன்னது சரி. வீட்டில் அது கனிகிற இடத்துக்குத் திருப்பினால் குழந்தை வீறிட்டது. குறைத்தால் பழைய கொசு. அண்ணி தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “கொழந்தைய எழுப்பறதுக்கா பெங்களூர் போயி மெசினு வாங்கியாந்தீங்க ரெண்டு பேரும்?” என்றார். அந்த ‘ரெண்டு பேரும்’ எனக்குத்தான் என்பது தெரிந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், அண்ணன் கிட்டாரைச் சும்மா தடவிக்கொண்டிருந்தபோது திரீபேஸ் கரண்ட் வந்தது. எங்கள் பக்கம் விவசாயத்துக்கு அது வருகிற நேரம்தான் நேரம். ஊரிலுள்ள கிணற்று மோட்டார் அத்தனையும் ஒரே மூச்சில் ஓடும், வீட்டு விளக்கெல்லாம் எண்ணெய் விளக்காக மங்கும். விளக்கோடு ஆம்ப்பும் அடங்கியது. சத்தம் பாதியாகி, அந்தப் பாதிக்குள்ளேயே கம்மிய குரலில் பாட ஆரம்பித்தது. சூடான வால்விலிருந்து முதல் மழைத் தூசி வாசம். குழந்தை தூங்கியது. நான் மூன்று வாரம் படித்ததில் எங்கேயும் இது இல்லை.

அன்றிலிருந்து லோ வோல்டேஜுக்காகக் காத்திருந்தோம். சிக்கல் என்னவென்றால், அண்ணன் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரமும் அதுதான். வோல்டேஜ் இறங்கினால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மோட்டார் நின்றுவிடும்; விழாமலிருக்க எல்லோரையும் போல அவரும் அதில் ஒரு குச்சியைச் செருகி வைப்பார். குச்சி வைத்தால் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மோட்டார் உறுமுகிற தினுசு மாறினால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே செப்புக் கம்பி சுற்றிய காயில் கருகிவிடும். அதனால் குச்சியைச் செருகிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு பாட்டு, மிஞ்சினால் ஒன்றரைப் பாட்டு, உடனே ஓடுவார். ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே கிடக்கும்.

அன்றும் ஒரு பழைய பாட்டை முடித்துவிட்டு எழுந்தார். அண்ணி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் வாசிப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாதவர்.

“அதையே இன்னொரு தரம் வாசிங்க” என்றார்.

அண்ணன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். பாட்டுப் பாதியில் காந்தல் வாசம் வந்தது. ஆம்ப்தான் என்று நினைத்து நான் பாய்ந்து போய் அதன் முதுகில் மூக்கை வைத்தேன். வெறும் தூசி வாசம்தான். அண்ணன் வாசிப்பை நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் வெளியே மோட்டார் சத்தம் இல்லாதது எங்களுக்குக் கேட்டது.

“ஐயோ, கெணத்துப் பக்கமிருந்து வருதுங்க” என்றார் அண்ணி.

காயில் கருகியிருந்தது. குச்சி வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. கோடையில் காயில் கட்டுகிற கடையில் எங்களுக்கு முன்னால் ஏகப்பட்ட மோட்டார்கள். எங்கள் மோட்டார் திரும்பி வருவதற்குள் மொட்டுவிட்ட சாமந்தி முக்கால்வாசி காய்ந்துபோனது. அண்ணன் அண்ணியை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆம்ப்பின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினார்.

அடுத்த வருஷம் ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். மோட்டார் இப்போது தானே போட்டுக்கொண்டு தானே நிறுத்திக்கொள்கிறது, பக்கத்தில் ஆள் வேண்டாம். சாயங்காலம் முழுக்க அண்ணனுக்குச் சொந்தம். ஒருநாள் வேட்டியை எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தாராம். முழு வோல்டேஜில் கரகரவென்று கத்தியதாம். நடக்கப் பழகியிருந்த குழந்தை காதைப் பொத்திக்கொண்டதாம். மறுவாரமே ஆம்ப்பும் கிட்டாரும் சேலத்துக் கல்லூரிப் பையன் ஒருவனிடம் போய்விட்டன. இப்போது எங்கள் ஊரில் எந்நேரமும் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. லோ வோல்டேஜ் வேண்டும் என்று கலெக்டருக்கு மனு கொடுக்கவா முடியும்?

பொங்கலுக்குப் போனபோது, ஆம்ப் இருந்த மூலையில் வெங்காயக் கூடை இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அண்ணி வந்து நின்றார்.

“நானா வாய் தொறந்து கேட்ட ஒரே பாட்டு தம்பி அது” என்றார். “காயில் கட்ட எட்டாயிரத்தி முந்நூறு ரூவா.”