கிப்பிக்குப் போடாத ஊசி

ஐலீன் ட்ரஸ்கட் ஆடு மேய்க்கும் நாய்களை வளர்த்து வந்தாள். ஆஸ்திரேலியாவில் டார்லிங் ஆற்றுக்கு மேற்கே எங்கள் வேலியை ஒட்டிய செம்மண் நிலம் அவளுடையது. அவளுடைய கெல்பி இன நாய்க்குட்டி கிடைத்தால் ஒரு வேலைக்காரன் மிச்சம் என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சு கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் நாய் விஷயத்தில் அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. பெட்டை பருவத்துக்கு வரும் முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். அது இல்லாமல் எந்த ஆண் நாயையும் பக்கத்தில் விடமாட்டாள்.

"குட்டிக்கு ஊசி போடுற வயசு வர்ற வரைக்கும் யாரு காப்பாத்துவா? தாயோட சீம்பால்தான். தாய் உடம்புல நோய் எதிர்ப்பு இருந்தாத்தானே பால்ல வரும்?" என்பாள். கேட்பவர் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டாள்.

அந்த வருஷம் மழையே இல்லை. ஆட்டுக்குத் தீவனம் இறக்கும்போது வண்டியிலிருந்து விழுந்து ஐலீனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அடிலெய்டில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அப்புறம் நடக்கப் பழகும் இடம் என்று பல வாரங்கள் போயின. வீட்டையும் நாய்களையும் தம்பி டார்சி பார்த்துக்கொண்டான். டார்சி நல்லவன், ஆனால் குடிகாரன். அக்காள் விழுந்த அன்றைக்குப் பாட்டிலைக் கீழே வைத்தவன், அதற்குப் பிறகு தொடவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவள் தினமும் போன் செய்வாள்.

"கிப்பி சீக்கிரம் பருவத்துக்கு வந்துருவா. அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. போன தடவை போட்டதோட காலம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. நீ முதல்ல நடக்கப் பழகு."

கிப்பிதான் அவளிடம் இருந்ததிலேயே சிறந்த பெட்டை. ஐலீன் பதினாறு வயதில் ஆரம்பித்த வம்சம், கிப்பியில் வந்து நின்றிருந்தது.

ஆட்டுமயிர் கத்தரிக்கும் கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. அவர்களில் ஒருவனிடம் பேர்போன ஆண் நாய் இருந்தது. கிப்பியும் சரியாக அப்போதுதான் பருவத்துக்கு வந்தாள். அக்காள் வீடு திரும்பும்போது நல்ல சேதி காத்திருக்கட்டும் என்று டார்சி இரண்டையும் சேர்த்துவிட்டான். ஊசி போட்டிருக்கவில்லை.

நான்தான் ஐலீனை அடிலெய்டிலிருந்து கூட்டி வந்தேன். வண்டியிலிருந்து இறங்கியதும் ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, கிப்பியின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"ஊசி போட்டியாடா?"

"போட்டாச்சு."

"சேக்கறதுக்கு முன்னாடியா?"

"ஆமாங்கிறேன்ல. உள்ள வா, டீ ஆறுது."

அவள் சிரித்தாள். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

குட்டிகள் கொழுகொழுவென்று பிறந்தன. தட்டில் வைத்த உணவை மூக்கெல்லாம் அப்பிக்கொண்டு தின்னும் வயது வந்தது. ஒருநாள் காலை, எல்லாவற்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு முதலில் வரும் கறுப்புக் குட்டி மூலையிலேயே படுத்திருந்தது. நுரை நுரையாக வாந்தி. மத்தியானத்துக்குள் பேதி, அதில் இரத்தம். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். ஐலீன் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பார்வோ" என்றாள், குட்டிகளைக் கொத்தாகக் கொல்லும் அந்தக் குடல் நோயின் பெயரை. "ஆனா இருக்க முடியாதே. தாய்க்குப் போட்டிருக்கோமே."

கால்நடை டாக்டர் மாகி வந்து சேர்வதற்குள் இரண்டு குட்டிகள் செத்துவிட்டன. மீதி எல்லாமே துவண்டு கிடந்தன. நான் ப்ளீச் வாளியோடு வேலியருகே நின்றேன். டார்சி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றான்.

"தாய்க்குக் கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சேக்கறதுக்கு முன்னாடி. நீங்கதானே போட்டீங்க. என் தம்பி கூட்டிட்டு வந்தானே."

"என்கிட்டயா? கிப்பியை நான் பாத்தே ரெண்டு மூணு வருஷம் இருக்குமே, ஐலீன்."

ஐலீன் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"போகல, அக்கா."

"என்கிட்டச் சொல்லியிருந்தா?" அவள் குரல் உயரவே இல்லை. "வந்த அன்னிக்கே சொல்லியிருந்தாக்கூட இதுங்களை வேற இடத்துல வச்சிருப்பேனே. வெளியாள் யாரையும் உள்ள விட்டிருக்க மாட்டேனே. நேரத்தோட குட்டிகளுக்குப் போட்டிருப்பேனே. பொய் எதுக்குடா சொன்ன?"

டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். தோலுக்கடியில் மருந்துநீர் ஏற்றினார், வாந்திக்கு ஊசி போட்டார். மறுநாளும் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரே ஒரு குட்டிதான் மிச்சம். அதற்குத் தலையைத் தூக்கக்கூட முடியவில்லை.

"இதை இன்னும் கஷ்டப்படுத்த வேணாம்" என்றார்.

"டார்சி, நீ பிடி" என்றாள் ஐலீன்.

"என்னால முடியாது, அக்கா."

"பிடி."

அவன் பிடித்துக்கொண்டான். டாக்டர் ஊசியை இறக்கி முடித்த பிறகும் அவன் கைகள் விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து வாங்கினேன். குழி ஆழமாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்ந்த மண் கல்லாக இருந்தது. நானும் டார்சியும் கடப்பாரையால் இடித்துத் தோண்டினோம். கிப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய ஊசியின் பலம் அவளைக் காப்பாற்றும் அளவுக்கு இருந்திருக்கிறது, குட்டிகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு இல்லை. அவள் கொட்டகையின் ஒவ்வொரு மூலையாக மோந்துகொண்டு திரிந்தாள்.

தோண்டும்போதுதான் டார்சி என்னிடம் சொன்னான்.

"டாக்டர் இருக்கிற தெருவுலதான் பாரும் இருக்கு. போனா உள்ள நுழைஞ்சிருவேன்னு தெரியும். அவ படுத்திருக்கிற நேரத்துல குடிக்கக்கூடாதுன்னு நினைச்சேன். அதான் போகல. அவ்வளவுதான் விஷயம்."

"அதை அவகிட்டயே சொல்லு."

"சொல்லி? குட்டி எந்திரிச்சு வருமா?"

இருந்தும் அன்று மாலையே சொன்னான் போலிருக்கிறது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "குடிச்சுட்டாவது போட்டுட்டு வந்திருக்கலாம்" என்றாளாம். அந்த வார்த்தைதான் அவனை ஒடித்தது என்று நினைக்கிறேன். வாரக் கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவன், இரண்டு நாள் கழித்து, நிற்க முடியாத நிலையில், போலீஸ் வண்டியில் வந்தான்.

கொட்டகை மண்ணில் அந்த நோய் ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கும் என்றார் டாக்டர். காத்திருந்து, ஊசி போட்டு, வேறு இடத்தில் ஈனவிடலாம், கிப்பிக்கு இன்னும் வயதிருக்கிறது என்றும் சொன்னார். ஐலீன் கேட்டுக்கொண்டாள். குளிர்காலம் வந்ததும் கிப்பியை வண்டியில் ஏற்றச் சொல்லி என்னிடம் வந்தாள். ஊசிக்குத்தான் என்று நினைத்தேன். கர்ப்பப்பையை எடுக்க என்று வழியில்தான் சொன்னாள்.

"ஐலீன், நாப்பது வருஷத்துக்கு மேல பாடுபட்டு வளத்த வம்சம். நல்லா யோசிச்சியா?"

"இந்த இடுப்பை வச்சுக்கிட்டு இனிமே நான் தனியா எதையும் செய்ய முடியாது. யாரையாவது நம்பித்தான் ஆகணும். என்னால முடியல."

தம்பியைத் திட்டினாளா, அழுதாளா என்றெல்லாம் ஊரில் கேட்பார்கள். இரண்டும் இல்லை. இருவரும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவள் சமைத்து வைக்கிறாள், அவன் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறான். சில மாதம் குடிக்காமல் இருக்கிறான், சில மாதம் இல்லை. யாராவது வண்டியை நிறுத்திக் குட்டி கிடைக்குமா என்று கேட்டால் டார்சி வீட்டுக்குள் போய்விடுகிறான். ஐலீன்தான் வேலியோரம் நடந்து வந்து, "இங்க இப்ப குட்டி வளக்கறதில்ல" என்று சொல்லி அனுப்புகிறாள்.